கொஞ்சம் சாதாரணமா இருங்க!

எங்கள் வீட்டில் ஓர் அணையா விளக்கு உண்டு. பூஜை அறையில் அல்ல, பீரோவுக்குள். ஜீரோ வாட் பல்பு ஒன்றை வயர் இழுத்து உள்ளே தொங்கவிட்டு, அதன் காலடியில் என் கேமராக்களைக் குடிவைத்திருக்கிறேன். ஜவ்வாது மலையில், அதிலும் ஜமுனாமரத்தூரில், ஐப்பசி கார்த்திகை வந்துவிட்டால் கொடியில் போட்ட சட்டை காய்வதற்குள் மாட்டியிருக்கும் சட்டை அழுக்காகிவிடும். அந்த ஈரம் லென்சுக்குள் புகுந்தால் பூஞ்சை கட்டும். நூல் நூலாகக் கிளைவிட்டு, பார்க்க அழகாகத்தான் படரும். ஆனால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். பீரோவுக்குள் கொஞ்சம் கதகதப்பு இருந்தால் பூஞ்சை அண்டாது என்பது பழைய ஸ்டூடியோக்காரர்களின் கைவைத்தியம்.

“சாமிக்குச் சாயந்திரம் அரைமணி நேரம் விளக்கு. உங்க டப்பாவுக்கு ராப்பகலா விளக்கு. இந்த வீட்ல யாரு பெரிய சாமின்னு கரண்டு பில்லே சொல்லுது” என்பாள் என் மனைவி. ஜீரோ வாட்டுக்கு ஏது பில் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பெயரில்தான் ஜீரோ, அந்தக் குண்டு பல்பு பதினைந்து வாட் வரை இழுக்கும் என்பதை எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுப்பவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, அவள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, பொறுமையாக விளக்கிவிட்டுப் போனார். நான் கணக்கு வாத்தியார். அன்றுமுதல் என் கணக்கு வீட்டில் எடுபடுவதில்லை.

பல்பு மட்டும் போதாது, காற்றுப் புகாத டப்பாவும் வேண்டும். எந்த வீட்டிலும் உண்மையிலேயே காற்றுப் புகாத டப்பா ஒன்றுதான் இருக்கும். அது முறுக்கு டப்பா. அந்தத் தீபாவளிக்கு லென்சு மொறுமொறுப்பாக இருந்தது, முறுக்கு நமுத்துவிட்டது. நமுத்ததையெல்லாம் அம்மா பொறுக்கியெடுத்து எனக்கென்று தனித் தட்டில் வைத்தாள். டப்பாவுக்குள் போட ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வேறு தேவைப்பட்டது. புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்குமே, அதுதான். ஊரில் யார் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தாலும் நான் பின்னாலேயே போக ஆரம்பித்தேன். இதனால் என் மதிப்பு கூடியது என்று சொல்ல முடியாது.

என் சேகரிப்பின் மூத்த பிள்ளை ஆக்ஃபா கிளிக் த்ரீ. பரோடாவில் செய்து வந்த கேமரா. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கொஞ்சம் வசதியான வீடுகளில் ரேடியோவுக்கு அடுத்த அந்தஸ்து இதற்குத்தான். போளூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. பித்தளை அண்டா நிறுத்த தராசிலேயே இதையும் நிறுத்துக் கொடுத்தார் கடைக்காரர். பேரம் பேசாமல் நான் காசை நீட்டியதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு பழைய டார்ச் லைட்டைக் கொண்டுவந்து, “இதுவும் ஒருவகைக் கேமராதான் சார்” என்றார். அதையும் வாங்கினேன். முன்பக்கம் கண்ணாடி இருந்ததே!

கிளிக் த்ரீயில் 120 ஃபிலிம் போட்டால் சதுரம் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. அதற்குமேல் திருக அதில் எதுவும் இல்லை. ரொம்பக் கிட்டே போய் எடுத்தால் முகம் மசங்கிவிடும். அந்தக்காலக் குடும்பப் படங்களில் எல்லோரும் எட்டவே நிற்பதைப் பார்த்து, ‘என்ன மரியாதை, என்ன அடக்கம்’ என்று பலரிடம் உருகியிருக்கிறேன். அது அடக்கமல்ல, லென்சின் கையாலாகாத்தனம்.

ஃபிலிமும் முன்போல் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் நம் நீலகிரியிலேயே தயாரானது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் அவர்கள் போட்ட கறுப்பு வெள்ளைச் சுருளில்தான் தமிழ்நாட்டின் எத்தனையோ காதுகுத்தும் கல்யாணமும் பதிந்திருக்கின்றன. வண்ணப்படம் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது, ஆலை நொடித்துப்போனது. இப்போது வெளிநாட்டுச் சுருள் ஒன்று கேஸ் சிலிண்டர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பன்னிரண்டு படத்துக்கு ஒரு சிலிண்டர். இந்த வகுத்தலை என் மனைவி என் உதவியில்லாமலே போட்டுவிடுவாள்.

வண்ணப்படம் வந்ததால் எல்லாம் மேம்பட்டுவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. ஒழுங்காகக் கழுவியிருந்தால் பேரன் பேத்தி காலம்வரை தாங்கும். வண்ணப்படத்தில் இருப்பது சாயம். எழுபது எண்பதுகளில் போட்ட பிரிண்ட்களில் நீலச்சாயம் முதலில் வெளுத்து, சிவப்பு மட்டும் மிஞ்சிவிடுகிறது. என் அக்கா கல்யாண ஆல்பத்தில் இப்போது மாப்பிள்ளை முதல் தவில்காரர்வரை அத்தனை பேரும் செக்கச்செவேல். “மாமாவுக்கு அப்பவே அவ்ளோ கோவமாப்பா?” என்று கேட்கிறான் என் பையன்.

அப்பா அம்மா கல்யாணப் படம் 1966-ல் எடுத்தது. அது அப்படியே இருக்கிறது. ஆரணிப் பக்கம் அம்மாவின் ஊரில், வீட்டு வாசலில் ஜமக்காளத்தைப் பின்னால் தொங்கவிட்டு எடுத்திருக்கிறார்கள். இருவரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேமராக்காரர் மூச்சைப் பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா இன்னும் விடவில்லை. அவருடைய இடது கை முழங்கால்மேல் முன்னே நீண்டு கிடக்கிறது, கைக்கடிகாரம் தெரிய வேண்டும் என்று. கடிகாரம் பக்கத்து வீட்டுக்காரருடையது.

இந்தப் படத்தைப் பெரிதாக்கி, தூசு தட்டி, சட்டம் போட்டு அம்மா கையில் கொடுத்தேன். நெகிழ்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவாள் என்று கிளிக் த்ரீயோடு தயாராக நின்றேன். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, தன்னையும் பார்க்கவில்லை. வலது ஓரத்தில், காற்றில் ஜமக்காளம் விலகிய இடத்தில் விரலை வைத்தாள். அங்கே திண்ணைக்குக் கீழே பாதி ஆட்டுக்கல் தெரிகிறது. அதன்மேல் கவிழ்த்த சொம்பு.

“டேய், இந்த ஆட்டுக்கல்லு! எங்க தாத்தா மாட்டுவண்டில ஏத்திக்கினு வந்தது. இதுலதான் நான் மாவாட்டக் கத்துக்கினேன். அந்தச் சொம்பு, அடி நசுங்கினது, அதேதான்...” விரல் கொஞ்சம் மேலே நகர்ந்து நின்றது. ஜமக்காளத்தின் விளிம்பைப் பிடித்தபடி ஒரு கை. வளையல் இல்லாத கை. “பெரியத்தை” என்றாள் அம்மா.

அம்மாவின் பெரியத்தை சின்ன வயதிலேயே கணவனைப் பறிகொடுத்தவர். மங்கல காரியத்தில் முன்னே வந்து நிற்கக்கூடாது. ஆனால் ஜமக்காளம் பிடிக்க ஆள் வேண்டுமல்லவா! அந்தக் குடும்பத்தில் அவர் முகம் பதிந்த படம் ஒன்றுகூடக் கிடையாது. யாரும் கூப்பிடாமல், யாரும் கவனிக்காமல், மணிக்கட்டுவரை மட்டும் படத்துக்குள் வந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு ஞானம் பிறந்தது. பழைய படங்களில் நடுவில் இருப்பது நாடகம். வாழ்க்கை ஓரத்தில்தான் தப்பித்தவறி வந்து விழுந்திருக்கிறது. என் வீட்டில் ஞானம் எப்போது பிறந்தாலும் பிரசவ வலி மற்றவர்களுக்கு.

படத்தில் வாழ்க்கை விழாமல் போவது எங்கள் குடும்பத்துக் குறை மட்டுமல்ல. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டன் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-ல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டையெல்லாம் சுற்றி எடுத்த படங்கள் இன்றைக்கும் உலக மியூசியங்களில் இருக்கின்றன. மெழுகு தோய்த்த காகிதத்தில் நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை இருபத்தொரு படமாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார் மனிதர். ஆனால் அவருடைய படங்களில் ஆள் அரிது. காகித நெகட்டிவுக்கு வெகுநேரம் வெளிச்சம் காட்ட வேண்டும். கல் அசையாது, பதிந்தது. நடந்து போனவர் பதியவே இல்லை. கீரைக்கூடைக்காரி ஒருத்தி குறுக்கே போயிருந்தாலும் புகையாகக்கூட மிஞ்சியிருக்க மாட்டாள். மதுரையில் ஆளே இல்லாத தெரு! மதுரைக்காரர்களிடம் காட்டினால் சண்டைக்கு வருவார்கள்.

ட்ரைப் விட்டதை நான் பிடிப்பதாக முடிவு செய்தேன். ‘அன்றாட வாழ்க்கை’ என்று ஒரு நோட்டில் தலைப்பு எழுதி, சமையல்கட்டு வாசலில் கிளிக் த்ரீயோடு உட்கார்ந்தேன். மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய், முகம் கழுவி, பொட்டு வைத்து, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து, தோசைக்கரண்டியைச் செங்கோலாகப் பிடித்து நின்றாள்.

“கொஞ்சம் சாதாரணமா இரு” என்றேன்.

“நீங்க வர்ற வரைக்கும் சாதாரணமாத்தாங்க இருந்தேன்.”

இதற்குள் தோசை கருகிவிட்டது. அந்தச் சுருளில் கருகல் மட்டும் அருமையாகப் பதிந்திருந்தது. பையன் கேமராவைக் கண்டால் இரண்டு விரலைத் தூக்குகிறான். பரீட்சையில் எடுக்கும் மார்க்கா என்று நினைக்கத் தோன்றுகிறது. மகள் உதட்டைக் குவித்துக்கொண்டு, “எந்த ஃபில்டர்பா?” என்கிறாள். நான் மஞ்சள் ஃபில்டர் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஆளைக் காணோம். மனைவியும் மகளும் அம்மாவுமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள் ஒருநாள். சாய்வெயில், நல்ல வெளிச்சம். பட்டனில் கை வைத்தேன். “மூணு பேரா எடுக்காதடா, ஆவாது!” என்று அம்மா பதறி, பக்கத்தில் கிடந்த குக்கரை இழுத்து நாலாவது ஆளாக நடுவில் வைத்தாள். படம் நன்றாக வந்தது. குக்கர்தான் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கிறது.

“எல்லாரும் கொஞ்சம் சாதாரணமா இருங்க!” என்று நான் கத்தக் கத்த, வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆகிக்கொண்டிருந்தது. என் வீட்டில் சாதாரணம் கிடைக்காது என்று தெரிந்ததும் வெளியே புறப்பட்டேன்.

எங்கள் மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்பவர்கள். பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாட்டி வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். உரல், உலக்கை, காலைப் பனி, பறக்கும் உமி. எனக்குக் கை நடுங்கியது. “பாட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றேன். கேட்காமல் எடுக்கக்கூடாது என்ற நாகரிகம் எனக்குண்டு. அதுதான் வினையாகப் போயிற்று. உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார் பாட்டி. எண்ணெய் தடவித் தலை வாரி, மடிப்பு கலையாத ஊதாப்புடவை கட்டி வந்து, சுவரோரமாக நேரே நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் வைத்து, “ம், எடு வாத்தியாரே” என்றார்.

உலக்கையைக் கையில் எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினேன்.

“இன்னாத்துக்கு? அதத்தான் தெனமும் பாக்கறமே. நாளைக்கு நான் பூட்டா மாலை போட ஒரு படம் ஓணும். அதுல உலக்கையோடவா நிப்பேன்?”

பதில் சொல்லத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்தேன். மலைவாழ் மக்களை முன்பும் படம் எடுத்திருக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதி போட்டார். படமும் எடுத்தார், கருவி வைத்து மூக்கு நீளமும் அகலமும் அளந்தார். நான் மூக்கை அளக்கவில்லை, அவ்வளவுதான். உலக்கையோடு நிற்பதுதான் இயல்பு என்று தீர்ப்பு சொல்ல என்னை யார் கூப்பிட்டார்கள்? என் பள்ளியில் நான் சாக்பீஸ் தூளோடு வகுப்பில் கத்துவதை யாராவது படமெடுத்து, ‘இதுதான் இயல்பான வாத்தியார்’ என்று மாட்டினால் சும்மா இருப்பேனா? அடையாள அட்டைக்கே கோட்டு வரைந்து கொடுக்கச் சொன்னவன் நான். பாட்டிக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மூஞ்சி கொஞ்சம் செவப்பா வந்திருக்கலாம்” என்றார்.

அப்படியானால் அன்றாடத்தை யார்தான் எடுப்பது? அதற்கு விடை எங்கள் மலையிலேயே இருந்தது. பள்ளிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு காவலூர் போயிருந்தபோதுதான் புரிந்தது.

அங்கே ஜவ்வாது மலைக் காட்டுக்குள், கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டரில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைத்தான் எல்லோரும் வாய்பிளந்து பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி. ஒருவகையில் பெரிய கேமராதான் அது. வானத்தைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார்கள், பெரும்பாலும் புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள். ஆல்பத்தில் ஒட்ட யாரும் கேட்க மாட்டார்கள். கேமரா நட்சத்திரங்களின் போக்கிலேயே திரும்பிக்கொண்டிருப்பதால் அவை புள்ளியாக நிற்கும். இடையே ஊர்ந்துபோகும் சிறுகோள் மட்டும் சின்னக் கோடாக இழுபடும். அப்படி 1988 பிப்ரவரி 17 அன்று வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு எங்கள் கணக்கு வாத்தியார்களின் குலதெய்வமான இராமானுஜன் பெயர், எண் 4130. சென்னை வானாய்வகத்தில் போக்சன் சிறுகோள்களைக் கண்ட காலத்துக்குப் பிறகு, நூறு ஆண்டுக்கு மேல் கழித்து நம் நாட்டில் கிடைத்தது.

நான் யோசித்தது வேறு. இந்த மலையில் எடுத்த படங்களில் உலகம் மதித்தது அதுதான். அதில் யாரும் வானத்தைச் சாதாரணமாக இருக்கச் சொல்லவில்லை. அழகு பார்த்து எடுக்கவில்லை, தேவைக்கு எடுத்தார்கள். சலிக்காமல் எடுத்தார்கள். அலங்காரமில்லாத படத்தின் ஓரத்தில் அந்தச் சிறுகோள் தானே வந்து விழுந்தது.

இந்தச் சித்தாந்தத்தை மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். “இருங்க, மீட்டர் ரீடிங் எடுத்து வச்சேன், எங்க போச்சு...” விரல் தள்ளத் தள்ள, படங்கள் ஓடின. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

கரண்டு மீட்டர், மாதாமாதம். கேஸ் சிலிண்டர், சீல் தெரியும்படி. அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டை, மருந்துக்கடையில் காட்டுவதற்கு. ரேஷன் கடைப் பலகை. போளூர், திருப்பத்தூர், வேலூர் பஸ் நேரம். சந்தையில் சாமை மூட்டைமேல் சாக்பீஸில் எழுதிய விலை. ஜாக்கெட்டுக்கு மேட்சிங் நூல், ஐந்து பச்சையில் எந்தப் பச்சை என்று. பையன் முதுகில் அம்மைக் கொப்புளம், டாக்டருக்கு. அம்மா பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு வாய்கொள்ளாமல் சிரிக்கும் படம். அது எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. பீரோவுக்குள் பாதி உடம்பை நுழைத்து பல்பு மாற்றும் என் பின்புறம். அது அவள் தங்கைக்கு அனுப்ப. பிறகு கிரைண்டர். பெல்ட் அறுந்துபோனதை மெக்கானிக்குக் காட்ட எடுத்தது. குழவி, மாவு காய்ந்த டிரம், தரையில் சிந்திய உளுந்து, பின்னால் கவிழ்த்த சொம்பு. வலது ஓரத்தில் மணிக்கட்டுவரை ஒரு கை நீண்டு அலமாரியைத் துழாவுகிறது. என் கை. அதில் ஒரு முறுக்கு.

நான் சிலிண்டர் விலைக்கு ஃபிலிம் வாங்கித் தேடியதெல்லாம் இவள் போனில் இருக்கிறது. இவள் யாரையும் நிற்கச் சொல்லவில்லை, அதனால் யாரும் நிற்கவில்லை.

“இதையெல்லாம் என்ன பண்ணுவே?”

“ஸ்டோரேஜ் ஃபுல்லாயிட்டா டெலீட்டுதான்.”

எனக்கு நெஞ்சு அடைத்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களையும் குடும்பங்களையும் தேடிப்போய், மிஞ்சிய படங்களை ஸ்கேன் செய்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். மிஞ்சியது என்றால், பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் விட்டுவைத்தது. நெகட்டிவில் இருக்கும் வெள்ளிக்காகவே எடைக்குப் போட்ட ஸ்டூடியோக்கள் எத்தனையோ. அவர்களுக்குக் கிடைத்தவற்றில் தாத்தா கோட்டு போட்டிருக்கிறார், பாட்டி நகை போட்டிருக்கிறாள். மாத்திரை அட்டையையும் மீட்டரையும் அன்றைக்கு யார் எடுத்தார்கள்? இன்றைக்கு எடுக்கிறோம், அன்றன்றே அழிக்கிறோம்.

கெஞ்சி, பாத்திரம் துலக்கி, மெமரி கார்டு வாங்கித் தருவதாக வாக்களித்து, அந்தப் படங்களை என் வசம் வாங்கினேன். பாட்டி விஷயத்தில் கற்ற பாடமாக, எதைப் பிரிண்ட் போடலாம் என்பதை அவளையே பொறுக்கச் சொன்னேன். என் பின்புறத்தை முதலாவதாகப் பொறுக்கினாள்.

போளூருக்கு இறங்கி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். அங்கிருந்த தம்பி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். “சார், இந்த சிலிண்டருக்கு மேட்டா, கிளாசியா?” என்று கேட்டார். நல்ல பையன், முகத்தில் சிரிப்பே காட்டவில்லை. மாலையில் வரச்சொன்னார். போனேன். கட்டு கட்டாகப் படங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, கிரைண்டர் படத்தை மட்டும் தனியாக எடுத்துப் பெருமையோடு நீட்டினார்.

“ஓரத்துல யாரோ கைய நீட்டிட்டாங்க சார். நானே டச்சப் பண்ணி எடுத்துட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்.”

கையைத் திரும்ப வைக்க ஐம்பது ரூபாய் கேட்டார். முறுக்கோடு என்றால் எழுபது. கொடுத்தேன்.